எலும்பைத் தின்னும் செல்லும் எங்க ஊர் கோழியும்

இந்த முறை கொஞ்சம் உயிரியல், நிறைய வரலாறு. கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து கோட் அடிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு. எனக்கு ஊர் நாமக்கல் பக்கம் புதுச்சத்திரம். சேலத்துல இருந்து நாமக்கல் போற பஸ்ல தூங்கிக்கிட்டே வந்தாலும், எங்க ஏரியா வந்ததும் கோழிப்பண்ணை வாசம் எழுப்பி விட்டுடும். முட்டையைப் பத்தி எழுத எங்களுக்குப் பிறப்புரிமை உண்டு :)

முதல்ல ஒரு சின்னக் கணக்கு.

ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. அந்த முட்டையைப் போட்ட கோழியின் மொத்த எலும்புக்கூட்டையும் சேர்த்தால் இருக்கிற கால்சியம் சுமார் 20 கிராம்தான். அதாவது பத்து முட்டையில் ஒரு எலும்புக்கூடு காலி! வருஷத்துக்கு 300 முட்டை போடுகிற லேயர் கோழி, தன் உடம்பில் இருப்பதைப் போல 30 மடங்கு கால்சியத்தை ஓடாக வெளியே அனுப்புகிறது.

"அதான் தீவனத்துல சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலும் கலந்து போடறோமே"ன்னு பண்ணைக்காரங்க சொல்வாங்க. வாஸ்தவம். ஆனா பிரச்சினை நேரத்துல இருக்கு. ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது. அதில் பெரும்பகுதி ராத்திரி. இருட்டில் கோழி தீவனம் எடுக்காது. குடலில் மிச்சம் இருக்கிற தீவனம் தீரத் தீர, கோழி தன் எலும்பில் கை வைக்கிறது. ஓட்டில் உள்ள கால்சியத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இப்படி எலும்பிலிருந்து வந்ததுதான்.

சரி, எலும்பு தானாகவா கரையும்? யாரோ கரைக்கணும். அந்த ஆள் யாரு, எங்கிருந்து வர்றான், அவனுக்கு உத்தரவு போடறது யாரு? இந்த மூணு கேள்விக்கும் பதில் கண்டுபிடிக்க நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தக் கதையில் முக்கியமான திருப்பங்கள் பலவற்றில் கோழியோ முட்டையோ வந்து நிற்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

இடிக்கிற ஆளும் கொத்தனாரும்

1873-ல் கோலிக்கர் என்ற சுவிஸ் உடற்கூறு அறிஞர், எலும்பு கரைகிற இடங்களில் நிறைய உட்கருக்களோடு உட்கார்ந்திருக்கும் ராட்சத செல்களுக்கு ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயர் வைத்தார். எலும்பை உடைப்பவன் என்று அர்த்தம். எலும்பைக் கட்டுகிற செல்லுக்குப் பெயர் ஆஸ்டியோபிளாஸ்ட். ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருந்து உயிரை வாங்குவதால், இந்தப் பதிவு முழுக்க ஒருத்தனை இடிக்கிற ஆள், இன்னொருத்தரைக் கொத்தனார் என்றே வைத்துக்கொள்வோம்.

இடிக்கிற ஆள் எலும்பின் மேல் கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி ஒட்டிக்கொள்வான். உள்ளே சிக்கிய இடத்தில் அமிலத்தைச் சுரந்து தாதுப்பொருளைக் கரைப்பான். அப்புறம் நொதியை விட்டு மிச்சம் இருக்கிற புரதத்தையும் தின்றுவிடுவான். அவன் நகர்ந்த பிறகு கொத்தனார் வந்து குழியைப் பூசுவார். நம் உடம்பிலும் இது ஓயாமல் நடக்கிறது. பெரியவர்களின் எலும்பில் வருஷத்துக்குச் சுமார் 10 சதவீதம் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது.

பறவைகளில் இதற்கு மேல் ஒரு விசேஷம் உண்டு. 1934-ல் பிரஸ்டன் கைஸ், ட்ரூமன் பாட்டர் என்ற இருவர் பெண் புறாக்களின் எலும்பை அறுத்துப் பார்த்தபோது, மஜ்ஜை இருக்க வேண்டிய உள்குழியில் புது எலும்பு வளர்ந்திருந்தது. ஆண் புறாவில் அது இல்லை. 1938-ல் ஃபைஃபர், கார்ட்னர் ஆகியோர் புறாக்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்து எலும்பு மாற்றத்தை ஆராய்ந்தார்கள். பெண் ஹார்மோன் கொடுத்தால் ஆண் பறவைக்கும் இந்த எலும்பு வளரும் என்பது உறுதியானது. 1941-ல் சிகாகோவில் ப்ளூம் தம்பதியும் மெக்லீனும், புறா முட்டை இடுகிற நாட்களில் அந்த எலும்பு எப்படி வளர்ந்து கரைகிறது என்று படிப்படியாகக் காட்டினார்கள்.

ஆக இது பறவையின் சில்லறைப் பெட்டி. முட்டை போடும் பருவம் வந்ததும் கால் எலும்புக்குள் கால்சியத்தைச் சேர்த்து வைத்து, ராத்திரிக்கு ராத்திரி எடுத்துச் செலவழிப்பது. (2005-ல் மேரி ஷ்வைட்சர் குழு சுமார் 6.8 கோடி வருஷம் பழைய டைரனோசர் தொடை எலும்பிலும் இதே மாதிரி திசு இருக்கிறது, அது ஒரு பெண் டைனோசர் என்று அறிவித்தது. நம்ம லேயர் கோழிக்கு எவ்வளவு பெரிய சொந்தக்காரங்க பாருங்க!)

எங்கிருந்து வந்தான்?

இடிக்கிற ஆளின் பூர்வீகம் பற்றி ரொம்ப நாள் சண்டை. எலும்புக்குள்ளேயே பிறந்தவன், கொத்தனாருக்குப் பங்காளி என்று ஒரு கட்சி. இல்லை, ரத்தத்தில் வந்து இறங்கிய வெளியூர்க்காரன் என்று இன்னொரு கட்சி.

1973-ல் டொனால்ட் வாக்கர் ஒரு வேலை செய்தார். பளிங்கு எலும்பு நோய் என்று ஒன்று இருக்கிறது. எலும்பு கரையாமல் கட்டிக்கொண்டே போய், உள்ளே மஜ்ஜைக்கே இடமில்லாமல் கல்லாகிவிடும். அந்த நோய் உள்ள எலியையும் நல்ல எலியையும் ஒட்ட வைத்து, ரெண்டுக்கும் ரத்தம் கலந்து ஓடும்படி செய்தார். சில வாரம் கழித்துப் பிரித்தார். நோய் குணமாகிவிட்டது! 1975-ல் மஜ்ஜை, மண்ணீரல் செல்களை மட்டும் ஏற்றியும் இதையே செய்து காட்டினார்.

அதே 1975-ல் கானும் சிம்மன்ஸும் செய்த சோதனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏன்னா அது முட்டைக்குள்ள நடந்தது. காடையின் செல்லையும் கோழியின் செல்லையும் மைக்ராஸ்கோப்பில் உட்கருவைப் பார்த்தே பிரித்துச் சொல்லிவிடலாம் என்று பிரான்ஸின் நிக்கோல் லெ துவாரன் முன்பே காட்டியிருந்தார். இவர்கள் காடைக் கருவின் எலும்புத் துண்டை எடுத்து, கோழி முட்டைக்குள் இருக்கும் கருவின் சவ்வில் ஒட்டி வளர்த்தார்கள். வளர்ந்த எலும்பில் கட்டுகிற செல்கள் எல்லாம் காடை. இடிக்கிற செல்கள் கோழி! வெளியூர்க்காரன்தான் என்று தீர்ப்பு ஆயிற்று. மேக்ரோஃபேஜ் என்ற, கிருமி தின்னும் வெள்ளை அணுக்களின் குடும்பத்தில் வருகிறவன் இவன்.

இது வெறும் பட்டிமன்றம் இல்லை. 1980-ல் அமெரிக்காவில் பீட்டர் காச்சியா குழு, பளிங்கு எலும்பு நோயோடு பிறந்த 5 மாதப் பெண் குழந்தைக்கு அண்ணனின் மஜ்ஜையை ஏற்றியது. எலும்பு கரையத் தொடங்கியது. குழந்தையின் எலும்பில் வேலை செய்த இடிக்கிற செல்களில் அண்ணனின் ஒய் குரோமோசோம் இருந்தது. எலியும் காடையும் சொன்ன பதில் ஒரு குழந்தையின் சிகிச்சையாக மாறியது இப்படித்தான்.

உத்தரவு யாருடையது?

ஆள் தெரிந்துவிட்டது. வேலைக்கு யார் கூப்பிடுகிறார்கள்?

கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோன் ஏறினால் எலும்பு கரையும் என்பது பழைய செய்தி. அப்படியானால் அந்த ஹார்மோனுக்கான ரிசப்டார், அதாவது ஏற்பி, இடிக்கிற ஆளிடம்தானே இருக்க வேண்டும்? தேடிப் பார்த்தால் அது கொத்தனாரிடம் இருந்தது! 1981-ல் கிடியன் ரோடானும் ஜான் மார்ட்டினும் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். ஹார்மோன் பேசுவது கொத்தனாரிடம். கொத்தனார்தான் இடிக்கிற ஆளுக்கு ஆர்டர் கொடுக்கிறார்.

கட்டுகிறவன் எதுக்கு இடிக்கச் சொல்லணும்? யோசிச்சுப் பார்த்தா நியாயம்தான். பழைய வீட்டுக்கு எந்தச் சுவரை எடுக்கணும்னு கொத்தனாருக்குத்தானே தெரியும்.

1988-ல் டோக்கியோ ஷோவா பல்கலைக்கழகத்தில் டட்சுவோ சூடா, நவோயுகி தகாஹாஷி குழு இதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் செய்து காட்டியது. எலியின் மண்ணீரல் செல்களோடு கொத்தனார் செல்களைச் சேர்த்து வளர்த்தால் இடிக்கிற செல் உருவாயிற்று. நடுவில் சல்லடை வைத்துப் பிரித்தால் உருவாகவில்லை. காற்றில் கத்தினால் போதாது, தோளில் தட்டிக் கூப்பிட வேண்டும் என்று அர்த்தம். தட்டுகிற அந்தக் கை என்ன மூலக்கூறு? பிடிபடவில்லை. "இடிக்கிற செல்லை உருவாக்கும் காரணி" என்று பெயர் மட்டும் வைத்துவிட்டுத் தேடினார்கள்.

இடையில் ரெண்டு துப்பு கிடைத்தது. 1990-ல், இந்த செல்லின் மூதாதைகள் உயிரோடு இருக்கவே எம்-சிஎஸ்எஃப் என்ற புரதம் வேண்டும், அது இல்லாத எலிக்கு எலும்பு கல்லாகிறது என்று தெரிந்தது. அது சாப்பாடு மாதிரி. ஆர்டர் வேறே.

இன்னொரு துப்பு ஒரு நாட்டுப்புறக் கோழியிலிருந்து. 1909-ல் நியூயார்க் ராக்பெல்லர் நிறுவனத்துக்கு ஒரு பண்ணைக்காரர் நெஞ்சில் கட்டியோடு கோழி ஒன்றைக் கொண்டுவந்தார். பேட்டன் ரூஸ் அந்தக் கட்டியை ஆராய்ந்து, அதை ஒரு வைரஸ் உண்டாக்குகிறது என்று 1911-ல் எழுதினார். 55 வருஷம் கழித்து 1966-ல் அவருக்கு நோபல் பரிசு! அந்த வைரஸில் இருந்த சார்க் என்ற மரபணுதான் புற்றுநோய் ஆராய்ச்சியையே திருப்பிப் போட்டது. அதே மரபணுவை 1991-ல் எலியிலிருந்து நீக்கிப் பார்த்தார்கள். புற்றுநோய் சம்பந்தமாக ஏதாவது நடக்கும் என்று பார்த்தால், எலும்பு கல்லாகிவிட்டது. இடிக்கிற ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறான், வேலை செய்யவில்லை. எண்பது வருஷத்துக்கு முந்தைய கோழிக் கட்டி, சுற்றிக்கொண்டு எலும்புக்கே வந்து சேர்ந்தது.

1997

1997 ஜனவரி 1-ல் சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமாக இயங்க ஆரம்பித்தது. எங்க ஊர்க்காரங்களுக்கு மறக்காத வருஷம். எலும்புக்காரங்களுக்கும் அதே வருஷம்தான் திருவிழா.

அமெரிக்காவின் ஆம்ஜென் கம்பெனி, என்ன வேலை செய்யும் என்றே தெரியாத மரபணுக்களை ஒவ்வொன்றாக எலியில் ஏற்றி என்ன ஆகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு எலியின் எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளை வெளேரென்று அடர்த்தியாக இருந்தது. அந்தப் புரதத்துக்கு எலும்பைக் காப்பது என்ற பொருளில் ஆஸ்டியோபுரோட்டெஜெரின், சுருக்கமாக ஓபிஜி என்று பெயர். ஜப்பானில் ஸ்னோ பிராண்ட் என்ற பால் கம்பெனி, ஆமாங்க, நம்ம ஆவின் மாதிரி பால் கம்பெனிதான், வேறு வழியில் போய் அதே புரதத்தைப் பிடித்தது.

அதே வருஷக் கடைசியில், எலும்புக்குச் சம்பந்தமே இல்லாத ரெண்டு குழு நோய் எதிர்ப்பு செல்களை ஆராய்ந்து கொண்டிருந்தது. ஒன்று ரூஸ் வேலை பார்த்த அதே ராக்பெல்லரில் யோங்வான் சோய் குழு. இன்னொன்று சியாட்டிலின் இம்யூனெக்ஸ் கம்பெனி. ராங்க் என்ற ஏற்பியும், அதில் போய் ஒட்டுகிற புரதமும் இவர்கள் கையில் கிடைத்தன.

1998-ல் ஆம்ஜெனும் ஸ்னோ பிராண்டும் ஓபிஜி எதைப் பிடிக்கிறது என்று தேடிப் போனால், அது சோய் குழு பிடித்த அதே புரதம்! சூடா பல வருஷமாகத் தேடிய, தோளில் தட்டுகிற கையும் அதுதான். ஒரே பக்-ஐ நாலு டீம் நாலு நம்பரில் பதிவு பண்ணி, நாலு பெயர் வைத்திருந்த கதை. கடைசியில் 2000-ல் எலும்பு ஆராய்ச்சியாளர்கள் சங்கம் உட்கார்ந்து, ராங்க்-எல் என்றே எல்லோரும் கூப்பிட வேண்டும் என்று முடிவு செய்தது.

மூணு பேர் ஆட்டம்

நம்ம பாஷையில சொல்றேன். இடிக்கிற ஆளாக மாறப் போகிற ரத்த செல்லின் மேல் ராங்க் என்ற போர்ட் திறந்திருக்கிறது. கொத்தனார் குடும்பத்து செல்கள் ராங்க்-எல் என்ற ரிக்வெஸ்டை அனுப்புகின்றன. போர்ட்டில் அது உட்கார்ந்தால் உள்ளே வரிசையாக சிக்னல் ஓடி, செல்கள் ஒன்றோடொன்று இணைந்து ராட்சத செல்லாகி வேலையை ஆரம்பிக்கும். ஓபிஜி என்பது அதே போர்ட் மாதிரி வேஷம் போட்ட டம்மி சர்வர். வருகிற ரிக்வெஸ்டை வாங்கி விழுங்கிவிடும். அதையும் அனுப்புவது கொத்தனார்தான்!

ஆக எவ்வளவு எலும்பு கரையும் என்பது, ரிக்வெஸ்ட் எத்தனை, டம்மி எத்தனை என்ற விகிதத்தில் இருக்கிறது. ஓபிஜி இல்லாத எலிக்கு எலும்பு பஞ்சாகிறது. 1999-ல் ராங்க்-எல் இல்லாத எலியை உருவாக்கிப் பார்த்தார்கள். இடிக்கிற செல் ஒன்றுகூட இல்லை. எலும்பு கல். பல்கூட முளைக்கவில்லை, ஏனென்றால் பல் வெளியே வரவும் தாடை எலும்பை யாராவது கரைக்க வேண்டும்.

நம்ம நாட்டுப் பங்கும் உண்டு. புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தில் மோகன் வானி குழு, இன்டர்லூக்கின்-3 என்ற புரதம் கொடுத்தால் ராங்க்-எல் வந்தாலும் அந்த செல் இடிக்கிற ஆளாக மாறாமல் மேக்ரோஃபேஜ் பாதைக்கே போய்விடுகிறது, அப்புறம் திரும்பி வருவதில்லை என்று 2003-ல் காட்டியது.

மறுபடி பண்ணைக்கு

இப்போ கோழிக்கு வருவோம். கோழி பருவத்துக்கு வந்து ஈஸ்ட்ரோஜன் ஏறினதும், கொத்தனார்கள் கட்டமைப்பு எலும்பைக் கட்டுவதை நிறுத்திவிட்டு சில்லறைப் பெட்டி எலும்பைக் கட்டப் போய்விடுகிறார்கள். இடிக்கிற ஆள் ராத்திரி வரும்போது சில்லறை எது, வீட்டுச் சுவர் எது என்று பார்ப்பதில்லை. ரெண்டையும் சுரண்டுகிறான். சில்லறைப் பெட்டி மறுபடி நிரம்பும். சுவரைப் பூச ஆள் இல்லை, முட்டை போடுவதை நிறுத்தும்வரை.

நாட்டுக்கோழி கொஞ்சம் முட்டை போட்டு, அடை படுத்து, ஓய்வெடுக்கும். அந்த ஓய்வில் சுவர் சரியாகும். லேயருக்கு அந்த ஓய்வே கிடையாது, வருஷக் கணக்கில் தொடர்ந்து போடுகிற மாதிரி நாம் தேர்ந்தெடுத்து வளர்த்த இனம் அது. கூண்டில் நடமாட்டமும் இல்லை. நடக்காத எலும்பு இன்னும் மெலியும். 1950-களில் கூண்டு முறை பரவினதுமே, நல்லா முட்டை போட்டுக்கொண்டிருந்த கோழி திடீரென்று நிற்க முடியாமல் விழுவதைக் கவனித்து, கூண்டுக் கோழிச் சோர்வு என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் கூண்டிலிருந்து பிடித்து எடுக்கும்போது கால் எலும்பும் நெஞ்செலும்பும் படக்கென்று உடைவது பண்ணையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். சாயங்காலத் தீவனத்தில் கிளிஞ்சலைத் தூளாக்காமல் பொடிக்கல்லாகப் போடச் சொல்வது இதனால்தான். மெதுவாகக் கரைந்து ராத்திரிக்கும் கால்சியம் வரும், எலும்பில் கை வைப்பது குறையும். முழுசா நிற்காது. அந்த முட்டையில் கோழியின் சுவரும் கொஞ்சம் இருக்கிறது.

நம்ம வீட்டுக்கு

பெண்களுக்குக் கணக்கு வேறே மாதிரி. ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை ஓபிஜி பக்கம் தட்டு சாய்ந்திருக்கும். மாதவிடாய் நின்ற பிறகு ராங்க்-எல் கை ஓங்குகிறது. இடிப்பது கட்டுவதை முந்துகிறது. பாத்ரூமில் லேசாக வழுக்கி விழுந்த பாட்டிக்கு இடுப்பு எலும்பு முறிந்தது என்று நம் எல்லோர் குடும்பத்திலும் ஒரு கதை இருக்கும். "வயசாயிடுச்சு, என்ன பண்றது"ன்னு விட்டுடுவோம். அது விதி இல்லைங்க, ஒரு புரதத்தின் விகிதம்.

விகிதம் என்றால் மாற்றலாம். ராங்க்-எல்லைப் பிடித்துக்கொள்கிற செயற்கை ஓபிஜி மாதிரி ஒரு ஆன்டிபாடி, டெனோசுமாப், 2010-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. 2009-ல் வெளிவந்த பெரிய சோதனையில், 7,868 பெண்களை மூன்று வருஷம் கவனித்ததில், முதுகெலும்பு முறிவு 68 சதவீதமும் இடுப்பு முறிவு 40 சதவீதமும் குறைந்திருந்தது. 2024-ல் அமெரிக்காவில் இதன் முதல் நகல் மருந்துக்கும் அனுமதி கிடைத்தது.

ஆனா ஒரு முக்கியமான விஷயம், இதைச் சொல்லாம முடிக்கக்கூடாது. இந்த ஊசி ராங்க்-எல்லைப் பிடித்து வைக்கிறதே தவிர, உற்பத்தியை நிறுத்துவதில்லை. ஊசியைத் தள்ளிப் போட்டால் அடக்கி வைத்த ஆர்டர் எல்லாம் மொத்தமாக ஓடும். சேர்த்த எலும்பு வேகமாகக் கரையும். நிறுத்திய சில பேருக்கு முதுகெலும்பு ஒன்றுக்கு மேல் நொறுங்கியிருக்கிறது. அதனால் நிறுத்த வேண்டும் என்றால் டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றித்தான் நிறுத்துவார். "இப்போதான் நல்லா இருக்காங்களே, அடுத்த ஊசி தீபாவளிக்கு அப்புறம் பார்த்துக்கலாம்"னு நாமளே முடிவு எடுக்கிறதுதான் ஆபத்து.

அம்மாவுக்கோ அத்தைக்கோ இந்த ஊசி போடுறீங்கன்னா, அடுத்த தேதியைக் காலண்டர்ல பெருசா வட்டம் போட்டு வைங்க. போன்லயும் ஒரு ரிமைண்டர் போடுங்க. ஆறு மாசம்னா ஆறு மாசம்தான்.